ஆறுக்கு ஆறு

ஆறு தட்டுக்குப் பிறகு ஏழாவதாக ஒன்று கேட்டது.

டாக்டர் ஃபோல்கே வாய்க்கண்ணாடியின் கைப்பிடியால் சீவின் கீழ்த்தாடையில் இருந்த திருகுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். இடமிருந்து வலமாக. ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில், முப்பத்து நான்கு ஆண்டுகளாக இதேபோலத்தான். முதலில் பல் வரிசையைத் தாங்கும் பொன் சட்டத்தைக் கழற்றி ஈரத் துணியில் வைப்பார்கள். பிறகு, எலும்பிலிருந்தே முளைத்தவை போல ஈறுக்கு மேல் நிற்கும் ஆறு டைட்டானியம் திருகுகளையும் தட்டுவார்கள். எலும்பு பிடித்திருந்தால் மணிச் சத்தம் வரும். பிடி விட்டிருந்தால் ஈரக் கட்டையைத் தட்டியது போல மந்தமாக இருக்கும். சீவுக்கு எப்போதும் ஆறும் மணிதான்.

இன்றும் ஆறும் மணிதான். ஆனால் டாக்டரின் கை வாயை விட்டு வெளியே வந்துவிட்ட பிறகு இன்னொன்று. மந்தமாக. தொலைவில். பலகைத் தரையில் தடியால் குத்தியது போல.

"கேட்டுச்சா?" என்றாள். கீழ்ப்பல் இல்லாத வாயில் அது வெறும் காற்றாகத்தான் வந்தது.

"பேசாதீங்க சீவ். சட்டத்தை மாட்டிடறேன்." அவர் பின்னால் நின்ற இரண்டு மாணவர்களிடம் திரும்பினார். "பாத்துக்குங்க. எழுபத்தஞ்சாம் வருஷம் போட்டது. அந்த வருஷம் போட்ட பதினஞ்சு பேர்ல இன்னைக்கும் வந்துட்டிருக்கறது இவங்க ஒருத்தர்தான்."

"மத்தவங்களுக்கெல்லாம் விழுந்துடுச்சா டாக்டர்?"

"இல்லை. மத்தவங்கதான் விழுந்துட்டாங்க. திருகெல்லாம் அப்படியேதான் இருந்துச்சு."

மாணவர்கள் சிரித்தார்கள். சீவும் சிரித்தாள். அவர் ஆய்வுப் படிவத்தில் ஆறு கட்டங்களிலும் குறி போட்டார்.

*

படகு தீவை அடைந்தபோது மணி நான்கரை. அந்த வடகோடி நவம்பரில் அதற்குள் இருட்டியிருந்தது. துறையில், மீன் வலைகளின் உப்பு நாற்றத்துக்கும் ஈரக் கம்பளியின் வாடைக்கும் நடுவே, பக்கத்து வீட்டு மாய் கைவிளக்குடன் நின்றிருந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"என்னடி சொன்னான் உன் பல்லு டாக்டர்?"

"ஆறுக்கு ஆறு."

"உனக்கென்ன! உன்னைப் புதைச்சு நூறு வருஷம் கழிச்சுத் தோண்டினாக்கூட கீழ்த்தாடை மட்டும் இளிச்சிட்டுக் கிடக்கும்."

"பொறாமை."

"பொறாமைதான். நான் ஆப்பிளைக் கடிச்சு பதினஞ்சு வருஷமாச்சு." மாய் பாறைப் பாதையில் விளக்கை இறக்கிப் பிடித்தாள். "உன் புருஷன் தூரேவுக்கும் அன்னைக்கே போட்டுவிட்டிருக்கலாம் நீ. பாவம், கடைசில ஒண்ணுமே தின்னலையாமே? ஊராட்சிலேர்ந்து அவனைப் பாத்துக்க வந்த பொண்ணு சொன்னா. தட்டு வெச்சது வெச்சபடி திரும்பி வருமாம்."

"பசியில்லைன்னுட்டான்," என்றாள் சீவ்.

*

பதினெட்டு வயதில் கல்யாணம் நிச்சயமானபோது சீவின் அப்பா அவளுக்குக் கொடுத்த பரிசு, அவளுடைய பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டது. அந்தக் காலத்தில் அந்தக் கரையோரத்தில் அது மரியாதையான பரிசு. கட்டிக்கொள்கிறவனுக்குப் பல் வைத்தியச் செலவு வராது. மாதம் ஒருமுறை வரும் பல் வைத்தியன் பள்ளிக்கூட அறையில் ஒரே காலையில் இருபத்தாறையும் எடுத்தான். அவற்றில் சொத்தை மூன்று. அம்மா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்திருந்தது.

மேலே ஒரு பல்செட், கீழே ஒரு பல்செட். மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கீழ்ச்செட் ஒருநாளும் நிற்கவில்லை. பேசினால் எழும்பும், தும்மினால் விழும். தூரே இழுவைப் படகில் மீன் பிடிக்கப் போகிறவன். விருந்துகளில், "சீவ், அதைக் கழட்டி மேஜையில வெய்யி. பயலுக கொஞ்சம் சிரிக்கட்டும்" என்பான். அவள் வைப்பாள். சண்டை வந்தால் அவன் அடிக்கமாட்டான். இரண்டு செட்டையும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விடுவான். ஐந்து நாள். சில சமயம் எட்டு. அவன் திரும்பும்வரை அவள் கதவைத் திறக்கமாட்டாள், கடைக்குப் போகமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே மாய் கூப்பிட்டால் தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

கோத்தன்பர்க் நகரத்தில் எலும்பிலேயே திருகிவிடும் பல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. பழைய டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"யாராலயும் கழட்ட முடியாதா?"

"எலும்பு ஒருதரம் பிடிச்சுட்டா உங்களாலயே முடியாது."

கையெழுத்துப் போட்டாள்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, இந்த வருடத் தொடக்கத்தில், தூரேவுக்குப் பக்கவாதம் வந்தது. மாடியறையில் கிடந்தான். பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் இருந்தது, அதில் ஒரு தடி. அவனுக்கும் அப்போது மேலும் கீழும் பல்செட்தான். தூக்கத்தில் விழுங்கிவிடுவான் என்று ஊராட்சிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, சீவ் இரண்டையும் ஒரு காப்பி டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தாள்.

பிறகு அவனுக்குத் தட்டு எடுத்துப் போனாள். கூழ் இல்லை, கஞ்சி இல்லை. ரை மாவில் சுட்ட, ஓடு போல் உடைகிற வறட்டு ரொட்டி. மேலே வெண்ணெய், பாலாடைக்கட்டி, மூன்று வட்டம் வெள்ளரிக்காய். பார்க்க அழகாக இருக்கும். தட்டு திரும்பி வரும். ஊராட்சிப் பெண் தன் நோட்டில் பசியின்மை என்று எழுதிக்கொள்வாள். அவள் போனதும் மாடியில் தடி தரையைக் குத்தும். மூன்று. நிறுத்தம். மூன்று. கீழே மேஜையில் உட்கார்ந்து சீவ் அதே ரொட்டியைக் கடிப்பாள். வாய்க்குள் ரொட்டி நொறுங்கும்போது வெளிச்சத்தம் எதுவும் காதில் விழாது. ஆகவே நிறைய மென்றாள். ஏப்ரலில் தொடங்கி, செப்டம்பரில் மாடி அடங்கும்வரை.

*

அன்று மாலை அவள் அடுப்பை மூட்டினாள். ஜன்னல் கண்ணாடியில் காற்று மணலை வீசியது. காப்பி கொதித்து, சூடேறும் இரும்பின் வாடையும் காப்பி வாடையும் கலந்து அறை நிறைந்தது. வறட்டு ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவி, வழக்கம்போல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடித்தாள்.

நொறுங்கும் சத்தத்துக்குள் குத்தும் சத்தம் இருந்தது.

மூன்று. நிறுத்தம். மூன்று.

மெல்வதை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. குளிர்பெட்டியின் முனகல், அடுப்பில் கட்டை வெடிக்கும் ஒலி, கூரையின் மேல் காற்று. அவ்வளவுதான். மீண்டும் கடித்தாள். மூன்று. காதுக் கருவி இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்தாள். காற்று போயிற்று, அடுப்பு போயிற்று, வீடு பஞ்சுக்குள் புதைந்தது போல ஆயிற்று. கடித்தாள். மூன்று. இப்போது தெளிவாக. முன்பைவிடத் தெளிவாக.

மாடிக்குப் போய் விளக்கைப் போட்டாள். விரிப்பு எடுத்த மெத்தை, அதில் ஒரு உடம்பின் பள்ளம். சுவரில் சாய்த்த தடி. தரைப் பலகையில் தடி குத்திக் குத்தி விழுந்த, காசளவு வட்டக் குழி. குனிந்து குழியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அங்கே எந்தச் சத்தமும் இல்லை.

பற்களை மெதுவாக ஒன்றுசேர்த்துப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

படியிறங்கினாள். கடைசிப் படியில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தானாக ஒன்றை ஒன்று தொட்டன.

மூன்று.

சத்தம் வீட்டில் இல்லை. தாடையில் இருந்தது.

*

மறுநாள் கூழ் காய்ச்சினாள். அதற்கு மெல்ல வேண்டாம். அன்று முழுவதும் மேல்செட்டைக் கழற்றி வைத்திருந்தாள். பல் பல்லைத் தொடாதவரை சத்தமில்லை. அப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். மூன்றாம் நாள், மாலை இருட்டில் சோபாவில் கண்ணயர்ந்தவள், வாயில் உப்பு ருசியோடு விழித்தாள். கீழ்த்தாடை அசைந்துகொண்டிருந்தது. ஏறியது, இறங்கியது. கீழ்ப்பற்கள் மேலீற்றின் வெற்றுச் சதையைக் கடித்தன, விட்டன, கடித்தன. அவளால் நிறுத்த முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்த பிறகும் அதுவாகத்தான் நின்றது.

மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், இதை எடுத்துடுங்க."

"எதை?"

"திருகை. ஆறையும்."

மறுமுனையில் அவர் சிரித்தார். "சீவ், அது எலும்போட எலும்பாயிடுச்சு. எடுக்கணும்னா அதைச் சுத்தி இருக்கற எலும்பை ரம்பத்தால அறுக்கணும். தாடை முறிஞ்சு போகும்."

"முறியட்டும்."

"வலிக்குதா?"

"இல்லை. சத்தம் வருது. அது மெல்லுது. நான் மெல்லாதப்பவும்."

"தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க. வீட்டுக்காரர் போன துக்கம். காதுக்கு வேணா வேற டாக்டரைப் பாருங்க."

"பல் சட்டத்தையாவது கழட்டிடுங்க."

"கழட்டிட்டா எலும்புக்கு வேலையில்லாம போயிடும். அப்புறம் அடுத்த வருஷம் நான் எதை அளக்கறது?" குரலைத் தாழ்த்தினார், குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல. "அடுத்த நவம்பரோட முப்பத்தஞ்சு வருஷம் ஆறுக்கு ஆறு. உலகத்துல யாருக்கும் இல்லை. ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்குங்க. என்ன?"

அவள் தூரேவின் கருவிப் பெட்டியைத் திறந்தாள். குறடு துருவும் மீன் எண்ணெயும் நாறியது. கண்ணாடி முன் நின்று, பல் சட்டத்தின் விளிம்பைக் கவ்விப் பிடித்து இழுத்தாள். கண்ணாடிக்குள் இருந்தவளின் தலை முன்னே வந்தது. மறுபடி இழுத்தாள். தலைதான் வந்தது. கழுத்து நரம்பு வெட்டி இழுத்தது. ஒரு பல் உடைந்து தொட்டியில் விழுந்து துள்ளியது. சட்டம் அசையவில்லை. திருகு அசையவில்லை.

குறடு நழுவியது. தாடை படக்கென்று மூடியது. நாக்கு நடுவில் இருந்தது.

*

அதற்குப் பிறகு அவளால் தெளிவாகப் பேச முடியவில்லை. மாய் வந்தபோது தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சிட்ட கம்பளித் துணியைக் காட்டினாள்.

"பல்வலியா? உனக்கா?" மாய் சிரித்தாள். "கடவுள் இருக்கான்டி."

கூழ் தாடைக்குப் போதவில்லை. ஊட்டினால் விழுங்கியது, விழுங்கிவிட்டு மறுபடியும் மென்றது. துணியை இறுக்கினால் துணிக்குள் மென்றது. அரைப்பதற்கு எதுவும் இல்லாதபோது ஈற்றை அரைத்தது. ஒரு மாலை அவள் அலமாரி முன் நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. கையில் வறட்டு ரொட்டி. வாய் திறந்திருந்தது. திறந்து, காத்திருந்தது.

கடித்தாள். மேல்செட் இல்லாமல். உடைந்த ரொட்டியின் முனைகள் மேலீற்றில் குத்தி ஏறின. வெண்ணெயும் ரத்தமும். தாடை மென்றது.

தூரேவும் ஒருநாள் இப்படி முயன்றிருந்தான். தட்டில் ரொட்டியின் ஒரு மூலை ஈரமாகி, சிவந்து திரும்பி வந்தது. அவள் அதைக் கழுவி வைத்தாள்.

மூன்று. நிறுத்தம். மூன்று.

குத்தாத இடம் ஒன்றுதான் இருந்தது. மாடி. அந்தப் பள்ளத்தில் போய்ப் படுத்தாள். பள்ளம் அவளைவிட நீளமாக இருந்தது. அங்கே குத்தும் சத்தம் இல்லை.

பசி மட்டும் இருந்தது.

*

ஜனவரிக் கடைசியில் டாக்டர் ஃபோல்கே தீவுக்கு வந்தார். போனை எடுக்காதவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் திருகுகளைப் பற்றிய நீண்டகால ஆய்வில் இழப்பு என்று எழுத வேண்டியிருக்கும். மாய் அவரை மாடிக்கு அழைத்து வந்தாள். மாலை ஐந்து மணி. ஜன்னல் கறுப்பாக இருந்தது.

"ஒரு வாரமா எழுந்திருக்கலை டாக்டர். ஊராட்சிப் பொண்ணு நாளைக்குத்தான் வருவா. நான்தான் சாப்பாடு கொண்டு வைக்கறேன். அவளுக்குப் பிடிச்சதுன்னு பாத்து வைக்கறேன். தொடவே மாட்டேங்கறா."

படுக்கை அருகே தட்டு இருந்தது. வறட்டு ரொட்டி. வெண்ணெய். பாலாடைக்கட்டி. மூன்று வட்டம் வெள்ளரிக்காய்.

"பசியில்லை போல," என்றார் டாக்டர்.

சீவ் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

துணியை அவிழ்த்தார். விளக்கை வாய்க்குள் காட்டினார். மாய் எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"மேல... மேல என்ன டாக்டர் அது? வெள்ளையா?"

"மேல்தாடை எலும்பு." அவர் தொண்டையைச் செருமினார். "மேல்தாடை எங்க படிவத்துல வராதும்மா. சுகாதார நிலையத்துக்கு எழுதறேன். அடுத்த வாரம் யாராவது வருவாங்க."

பொன் சட்டத்தைக் கழற்றினார். கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார். தட்டினார்.

ஒன்று. மணி.

இரண்டு. மணி.

மூன்று. நான்கு. ஐந்து.

சீவ் அவர் கையைப் பிடித்தாள். ரம்பம் என்று சொல்லப் பார்த்தாள். அறுங்கள் என்று. குழறலாக ஏதோ வந்தது.

"ஆமா ஆமா. கடைசி ஒண்ணுதான்."

ஆறு. மணி.

அவர் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. கண்கூட லேசாக ஈரமாயிற்று. "ஆறுக்கு ஆறு, சீவ். எலும்பு ஒரு மயிரிழை இறங்கலை. இன்னும் கெட்டியாத்தான் ஆகியிருக்கு." சட்டத்தை மறுபடி மாட்டினார். ஆறு திருகாணிகளையும் இறுக்கியபின், இன்னொரு முறை இறுக்கினார். "நவம்பர்ல பாப்போம்."

இருவரும் இறங்கிப் போனார்கள். கீழே பேச்சுக் குரல். காலணி மாட்டும் ஒலி. கதவு. மாயின் விளக்கு ஜன்னலைக் கடந்து துறைப் பக்கம் போயிற்று. படகு ஊதியது. பிறகு மாயின் வீட்டுக் கதவும் சாத்தப்பட்டது.

வீடு காலியாக இருந்தது.

சீவ் படுத்திருந்தாள். காதுக் கருவிகள் சமையலறை மேஜையில். தாடை ஏறியது. இறங்கியது.

கீழே நாற்காலி இழுபட்டது.

காதில் இல்லை. எலும்பில். ஆறு திருகு வழியாகவும்.

அலமாரிக் கதவு. காப்பி டப்பாவின் தகர மூடி. கழன்ற பல்செட் ஒன்று அண்ணத்தில் போய் ஒட்டும் சின்ன 'க்ளிக்'. ஐம்பத்தேழு ஆண்டுகள் காலையில் தன் வாயிலேயே கேட்ட சத்தம்.

ரொட்டி உடைந்தது.

மெல்லத் தொடங்கியது. நிதானமாக. நிறைய.

அவள் கை சுவரைத் தடவியது. தடி இருந்தது. தூக்கினாள். தரையில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று. நிறுத்தினாள். மூன்று.

கீழே மெல்லும் சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம். கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அடுத்த வாய் கடித்தது. இன்னும் சத்தமாக.